தட்டை டிவியின் ஆயுள்: எது முதலில் போகும், எப்போது மாற்றலாம்?

புது டிவி வாங்கப் போனால் இரண்டு விதமான பேச்சு காதில் விழும். விளம்பரத் தாளில் 60,000 மணி நேரம் உழைக்கும் என்று போட்டிருப்பார்கள். அதே டிவியைச் சுவரில் மாட்ட வருகிறவர், “இப்ப வர்ற செட்டெல்லாம் நாலஞ்சு வருஷம் வந்தாலே பெரிசு சார்” என்பார். ஒரு நாளைக்கு 5 மணி நேரம் பார்த்தால் 60,000 மணி நேரம் என்பது 12,000 நாள், அதாவது ஏறக்குறைய 33 வருடம். முப்பத்து மூன்று எங்கே, நாலு எங்கே!

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் டிவிக்குள் இருக்கும் விளக்குகளைப் பற்றிப் பேசுகிறார், இன்னொருவர் தான் பழுது பார்த்த செட்டுகளைப் பற்றிப் பேசுகிறார். நாம்தான் இரண்டையும் ‘டிவியின் ஆயுள்’ என்று ஒரே கணக்கில் சேர்த்துக் குழம்புகிறோம். உண்மையில் டிவிக்கு ஒற்றை ஆயுள் கிடையாது. உள்ளே இருக்கும் நான்கு பெரிய பாகங்களுக்கும் தனித்தனி ஆயுள். எது போயிருக்கிறது, அதை மாற்ற என்ன ஆகும் என்று தெரிந்தால் ‘ரிப்பேர் பார்ப்பதா, புதிது வாங்குவதா’ என்ற கேள்வி பெரும்பாலும் தானாகவே தீர்ந்துவிடும்.

அந்த 60,000 மணி நேரம் எதைச் சொல்கிறது?

அந்த எண் முடிகிற அன்று டிவி அணைந்துவிடும் என்றோ, அதுவரை ஒன்றும் ஆகாது என்றோ அர்த்தமில்லை. திரைக்கு வெளிச்சம் தரும் பாகம் புதிதாக இருந்தபோது கொடுத்த ஒளியில் பாதியாகக் குறைய ஆகும் நேரம்தான் அது. இதைப் பாதி வெளிச்ச நேரம் என்று வைத்துக்கொள்வோம். எல்இடி விளக்குகளுக்குப் பாதி என்பதற்குப் பதில் 70 சதவீதம் என்ற எல்லையை வைப்பதும் உண்டு.

60,000 மணி நேரம் இடைவிடாமல் ஓட்டினால் கிட்டத்தட்ட 7 வருடம் ஆகும். அத்தனை வருடம் ஓட்டிப் பார்த்துவிட்டு யாரும் டிவியைக் கடைக்கு அனுப்புவதில்லை. விளக்குகளைச் சில ஆயிரம் மணி நேரம் எரியவிட்டு, எந்த வேகத்தில் மங்குகிறது என்று அளந்து, மீதியைக் கணக்குப் போட்டுச் சொல்வார்கள். அதுவும் குறிப்பிட்ட வெப்பத்தில், குறிப்பிட்ட அளவு மின்சாரத்தில். மே மாதம் வேலூரில், ஜன்னல் அடைத்த ஹாலில், வெளிச்சத்தை முழுதாக ஏற்றி வைத்து ஓடும் டிவிக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

பிளாஸ்மா டிவிகளை நினைவிருக்கிறதா? அவற்றுக்கு ஒரு லட்சம் மணி நேரம் என்று விளம்பரம் வந்தது. தினம் 5 மணி நேரம் என்றால் 54 வருடத்துக்கு மேல். 2013 முடிவில் பானசோனிக்கும், அடுத்த ஆண்டு சாம்சங்கும் எல்ஜியும் பிளாஸ்மா தயாரிப்பையே நிறுத்திவிட்டன. திரை மங்கும் முன்பே உதிரி பாகம் கிடைப்பது அரிதாகிவிட்டது. மணிக்கணக்கை மட்டும் நம்பி வாங்கியவர்களுக்கு அது எந்த உதவியும் செய்யவில்லை.

இதுவரை பார்த்தது: விளம்பர எண் வெளிச்சம் மங்குவதைப் பற்றியது. டிவி பழுதாவதைப் பற்றி அது வாய் திறப்பதில்லை.

உள்ளே என்னதான் இருக்கிறது?

கடையில் எல்இடி டிவி என்று விற்கப்படுவது உண்மையில் எல்சிடி டிவிதான். எல்சிடி பேனல் தானாக வெளிச்சம் தராது. பின்னாலிருந்து வெள்ளை ஒளி வர, அதை எங்கே விடுவது, எங்கே தடுப்பது என்று தீர்மானிப்பதே அதன் வேலை. அந்த வெள்ளை ஒளியைத் தரும் பாகத்துக்கு பேக்லைட் என்று பெயர். முன்பு மெல்லிய குழல் விளக்குகள் இந்த வேலையைச் செய்தன, இப்போது எல்இடிகள் செய்கின்றன. பெயரில் இருக்கும் எல்இடி அங்கிருந்து வந்தது. கியூஎல்இடி என்று விற்பதிலும் பின்னாலிருந்து ஒளி வரும் எல்சிடி பேனல்தான். ஓஎல்இடி மட்டும் வேறு சாதி, அதைத் தனியாகப் பார்ப்போம்.

பேனலுக்குள் இரண்டு கண்ணாடிகளுக்கு இடையே திரவப் படிகம் என்ற பொருள் மெல்லிய படலமாக இருக்கிறது. திரவம் போல ஓடக்கூடியது, ஆனால் மூலக்கூறுகள் படிகத்தில் இருப்பதுபோல வரிசையாக நிற்கும். மின்னழுத்தம் கொடுத்தால் அவை திரும்பும். அவை எவ்வளவு திரும்புகின்றன என்பதைப் பொறுத்து ஒளி வெளியே வரும் அல்லது அடைபடும். இது ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பிரிவுகளில் தனித்தனியாக நடக்கும். ஒரு 4கே திரையில் 3840 × 2160, அதாவது ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள். மூன்றால் பெருக்கினால் இரண்டரைக் கோடிச் சின்னக் கதவுகள் உங்கள் ஹால் சுவரில் தொங்குகின்றன. இந்தத் திரவப் படிகம் சாமானியத்தில் கெடுவதில்லை.

மற்ற இரண்டு பாகங்கள்: வீட்டு மின்சாரத்தை டிவிக்கு வேண்டிய சிறிய அளவுகளுக்கு மாற்றித் தரும் பவர் போர்டு, படத்தையும் ஒலியையும் ஆப்களையும் கவனித்துக்கொள்ளும் மெயின் போர்டு. மெக்கானிக்குகள் இதை மதர்போர்டு என்றும் சொல்வார்கள். இவை தவிர, பேனலுக்கு எந்தப் புள்ளி எப்போது என்று தகவல் அனுப்பும் டி-கான் என்ற சிறு போர்டும் உண்டு. பல புது மாடல்களில் அது மெயின் போர்டிலேயே சேர்ந்துவிட்டது.

ஆக நான்கு: பேனல், பேக்லைட், பவர் போர்டு, மெயின் போர்டு. இவற்றில் பேனல்தான் டிவியின் விலையில் பெரும்பங்கு. மற்ற மூன்றும் அதோடு ஒப்பிட்டால் சில்லறை.

அடிக்கடி போவது: பேக்லைட்

தீபாவளிக்கோ கோயில் திருவிழாவுக்கோ கட்டும் பழைய சீரியல் செட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பல்பு போனால் அந்த வரிசை முழுக்க அணைந்துவிடும். மின்சாரம் ஒன்றின் வழியாகத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும் என்பதால், நடுவில் ஒன்று அறுந்தால் எல்லாமே இருட்டு. டிவிக்குப் பின்னால் இருக்கும் எல்இடி பட்டைகளும் பெரும்பாலும் இப்படித்தான் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். மெக்கானிக்குகள் இவற்றை ஸ்ட்ரிப் என்பார்கள். ஐம்பது எல்இடியில் ஒன்று போனாலும் அதோடு இணைந்த வரிசை அணையும். பல செட்டுகளில் அதை இயக்கும் சுற்று “ஏதோ தவறு” என்று கண்டுகொண்டு மீதியையும் அணைத்துவிடும். சத்தம் வரும், ரிமோட் வேலை செய்யும், திரை மட்டும் கறுப்பு.

இந்த நிலையில்தான் நிறையப் பேர் “டிஸ்பிளே போயிடுச்சு” என்று முடிவு கட்டி நல்ல டிவியை எடைக்குப் போடுகிறார்கள். அதற்கு முன் ஒரு சோதனை செய்யலாம். அறையை இருட்டாக்கி, டிவியை ஆன் செய்து, போன் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடியுங்கள். மங்கலாகப் படம் அசைவது தெரிந்தால் பேனலும் மெயின் போர்டும் உயிரோடு இருக்கின்றன. போனது பேக்லைட், அல்லது அதற்கு மின்சாரம் தரும் பகுதி.

முழுதாக அணையும் முன்பே பேக்லைட் அறிகுறி காட்டுவதும் உண்டு. திரையில் அங்கங்கே வட்ட வட்டமாக வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால், எல்இடியின் மேல் ஒளியைப் பரப்ப ஒட்டியிருந்த சின்ன லென்ஸ் கழன்று விழுந்திருக்கிறது. படம் நீலமாகவோ ஊதாவாகவோ மாறினால் காரணம் வேறு. வெள்ளை எல்இடி என்பது உண்மையில் நீல எல்இடி. அதன் மேல் பூசிய மஞ்சள் நிறப் பொருள்தான் ஒளியை வெள்ளையாக்குகிறது. வெப்பத்தில் அந்தப் பூச்சு கெட்டால் அடியில் இருக்கும் நீலம் எட்டிப் பார்க்கும்.

எல்இடி இவ்வளவு சீக்கிரம் ஏன் போகிறது? வெப்பம். விலை குறைந்த செட்டுகளில் எல்இடிகளின் எண்ணிக்கையைக் குறைத்து, இருப்பவற்றில் அதிக மின்சாரத்தைச் செலுத்தி வெளிச்சத்தை ஈடுகட்டுவார்கள். அதோடு, கடையில் பளிச்சென்று தெரிய வைத்திருந்த ‘விவிட்’ அமைப்பிலேயே வீட்டிலும் ஓடும். செட்டிங்கில் ‘பேக்லைட்’ என்று தனியாக ஒரு அளவு இருக்கிறதா பாருங்கள். அதைப் பாதி, முக்கால் என்று குறைத்தால் எல்இடி வழியாகப் போகும் மின்சாரமும் அதன் சூடும் குறையும். ‘பிரைட்னெஸ்’ என்று இருப்பது பல டிவிகளில் கறுப்பு எவ்வளவு கறுப்பாகத் தெரிய வேண்டும் என்பதை மட்டுமே மாற்றும். அதைக் குறைத்துவிட்டு டிவியைக் காப்பாற்றிவிட்டதாக நினைக்க வேண்டாம். சில புது மாடல்களில் பெயர்கள் மாறியிருக்கும், ஒருமுறை நகர்த்திப் பார்த்தால் தெரிந்துவிடும். என்னைக் கேட்டால், டிவியின் ஆயுளுக்கு நாம் செய்யக்கூடிய செலவில்லாத காரியங்களில் இதற்கு இணையாக வேறொன்று இல்லை.

பேக்லைட் மாற்றுவது பெரிய செலவில்லை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் மாடல் நம்பரைச் சொன்னால் ஸ்ட்ரிப் எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். முதலாவது, போன ஒரு எல்இடியை மட்டும் மாற்றினால் அதே வயதுள்ள மற்றவை வரிசையாகப் போகத் தொடங்கும், ஆகவே முழு செட்டாக மாற்றச் சொல்வது நல்லது. இரண்டாவது, ஸ்ட்ரிப்பைத் தொட வேண்டுமென்றால் பேனல் கண்ணாடியை முழுதாகக் கழற்றி எடுத்து வைக்க வேண்டும். 43 அங்குலத்துக்கு மேல் போனால் இது இரண்டு பேர் பிடிக்க வேண்டிய வேலை. கழற்றும்போது கண்ணாடி விரிசல் விட்டால் யார் பொறுப்பு என்பதை வேலை தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். அப்புறம் பேசினால் அது சண்டையில்தான் முடியும்.

பவர் போர்டும் பத்து டிகிரி கணக்கும்

டிவி ஒரு தடவையில் ஆன் ஆகாமல் நாலு முறை முயன்றால்தான் வருகிறது, சிவப்பு விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே இருக்கிறது, ‘டிக் டிக்’ என்று சத்தம் மட்டும் வருகிறது. இவையெல்லாம் பெரும்பாலும் பவர் போர்டின் புகார்கள். அங்கே முதலில் மூப்படைவது கெபாசிட்டர். மின்சாரத்தைச் சிறிது நேரம் சேமித்து ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் சின்ன உருளை அது. நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு கண்டென்சர். அதனுள்ளே மின்சாரம் கடத்தும் ஒரு திரவம் இருக்கிறது. நாளாக நாளாக அது வற்றுகிறது. சில சமயம் உருளையின் மேல்பக்கம் உப்பி நிற்பது கண்ணுக்கே தெரியும்.

இந்த வகை கெபாசிட்டருக்கு மின்னணுவியலில் ஒரு தோராயக் கணக்கு உண்டு: வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும், 10 டிகிரி ஏறினால் பாதியாகும். 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று குறிக்கப்பட்ட ஒன்று 65 டிகிரியில் ஓடினால் நாலு முறை இரட்டிப்பாகி 32,000 மணி நேரம் வரும். 75 டிகிரியில் ஓடினால் 16,000 மணி நேரம்தான். டிவியை மூன்று பக்கமும் மூடிய ஷோகேஸுக்குள் திணிப்பதும், செட்டாப் பாக்ஸை அதன் முதுகில் தொங்கவிடுவதும் இந்தப் பத்து டிகிரியைத்தான் கூட்டுகின்றன.

கெபாசிட்டர் மாற்றுவது மிக மலிவான வேலை. ஆனால் நீங்களே திறந்து பார்க்க வேண்டாம். பவர் போர்டில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும் பகுதி உண்டு, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அது அங்கேயே இருக்கும்.

சுருக்கமாக: படமும் சத்தமும் சேர்ந்து போனால் பவர் போர்டைச் சந்தேகப்படுங்கள், சத்தம் மட்டும் வந்தால் பேக்லைட்டை. இரண்டும் ரிப்பேர் பார்க்கத் தகுந்தவை.

பேனல் போனால்

திரையில் மேலிருந்து கீழாகக் கோடு, பாதித் திரை கறுப்பு, மை கொட்டியதுபோல் கறை, சிலந்தி வலை விரிசல். இங்கேதான் டிவியின் உண்மையான முடிவு இருக்கிறது.

பேனலின் ஓரங்களில் படச்சுருள் போன்ற மெல்லிய பட்டைகள் ஒட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு பட்டையிலும் ஒரு சிறு சில்லு இருந்து நூற்றுக்கணக்கான புள்ளி வரிசைகளுக்குக் கட்டளை அனுப்பும். அந்தப் பட்டை கண்ணாடியோடு ஒட்டிய இடம் முடி அளவு விட்டாலும் அந்த வரிசைகளில் கோடு விழும். இதை மறுபடி ஒட்டும் வேலைக்கு பாண்டிங் என்று பெயர். அதற்கென்று தனி இயந்திரம் வைத்திருக்கும் கடைகள் பெரிய ஊர்களில் இருக்கின்றன. விலை உயர்ந்த பெரிய செட்டுக்கு முயன்று பார்க்கலாம். 32 அங்குலத்துக்கு அந்தச் செலவு தண்டம் என்பது என் அபிப்பிராயம்.

இந்தப் பட்டைகள் பல மாடல்களில் கீழ் ஓரத்தில் இருக்கின்றன. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் டிவியை ஈரத்துணியால் பளபளவென்று துடைப்போம் இல்லையா? வழியும் தண்ணீர் நேராகக் கீழ்ச் சட்டத்துக்குள் இறங்கி, சரியாக அந்தப் பட்டைகளில்தான் போய் நிற்கும். அடுத்த நாள் பொட்டு வைத்து, ஆன் செய்தால் கோடு. டிவியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, உலர்ந்த மென்மையான துணியால் துடைத்தால் போதும். பிடிவாதமான கறை என்றால் துணியை லேசாக நனைத்துப் பிழிந்துகொள்ளலாம். திரை மேல் எதையும் நேராகத் தெளிக்கவே கூடாது.

கோடு தெரிந்ததும் பேனல் போய்விட்டது என்று முடிவு கட்டவும் வேண்டாம். ரிமோட்டில் டிவியின் சொந்த மெனுவைத் திறந்து பாருங்கள். மெனுவில் கோடு இல்லை, சேனலில் மட்டும்தான் என்றால் செட்டாப் பாக்ஸையோ எச்டிஎம்ஐ ஒயரையோ பார்க்க வேண்டும். மெனுவின் மேலும் கோடு ஓடினால் டிவிக்குள் கோளாறு. அப்போதும் டி-கான் போர்டோ, அதிலிருந்து பேனலுக்குப் போகும் ஒயர் தளர்ந்ததோ காரணமாக இருக்க வாய்ப்பு உண்டு. அதையும் பார்த்த பிறகே பேனலுக்குத் தீர்ப்பு எழுதலாம். விரிசல் மட்டும் விதிவிலக்கு. கண்ணாடி உடைந்துவிட்டால் பேசுவதற்கு ஒன்றுமில்லை. உற்பத்தியில் விட்ட குறைக்குத்தான் வாரண்டி, பிள்ளைகள் எறிந்த பந்துக்கு வாரண்டி கிடையாது.

ஓஎல்இடி: தேய்மானம் வேறு விதம்

ஓஎல்இடியில் பேக்லைட் கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். கரிமச் சேர்மங்களால் ஆன அந்தப் புள்ளிகள் ஒளிர ஒளிரத் தேய்கின்றன, அதிலும் நீலம்தான் முதலில். எல்லாப் புள்ளிகளும் சமமாகத் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஒரே இடத்தில் ஒரே உருவம் மாதக்கணக்கில் நின்றால் அந்த இடம் மட்டும் அதிகம் தேய்ந்து, வேறு படம் ஓடும்போதும் நிழலாகத் தெரியும். இதற்குப் பெயர் பர்ன்-இன்.

நம் செய்திச் சேனல்களைப் பாருங்கள். மூலையில் அசையாத லோகோ, அடியில் பட்டையாகச் செய்தி, அதற்கு மேல் இன்னொரு பட்டை, பக்கத்தில் மணி. காலை முதல் இரவு வரை செய்தி ஓடும் வீட்டுக்கு நான் ஓஎல்இடி சிபாரிசு செய்ய மாட்டேன். படமும் தொடரும் கிரிக்கெட்டும் மாறி மாறிப் பார்க்கும் வீட்டுக்கு அது அருமையான திரை.

இன்னொன்று, நம் பழக்கத்தோடு மோதுவது. ஓஎல்இடி டிவி ரிமோட்டில் அணைத்த பிறகு, ஸ்டாண்ட்பையில் இருக்கும்போது, புள்ளிகளின் தேய்மானத்தை அளந்து சரிசெய்யும் வேலையைத் தானாகச் செய்துகொள்ளும். ரிமோட்டை அமுக்கிய கையோடு சுவர் சுவிட்சையும் அணைத்தால் அந்த வேலை நடக்கவே நடக்காது. சிக்கனம் நல்லதுதான், ஆனால் இந்த ஒரு பொருளுக்கு மட்டும் சுவிட்சை விட்டுவைக்கலாம். இடி மின்னல் நேரம் விதிவிலக்கு.

வெளியிலிருந்து வரும் சாவு

எவ்வளவு நல்ல டிவியாக இருந்தாலும் ஒரே நொடியில் முடித்துவிடும் காரணங்கள் உண்டு. டிவியின் பின்புற ஸ்டிக்கரைப் பாருங்கள். பலவற்றில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று போட்டிருக்கும். அதாவது சாதாரண ஏற்ற இறக்கத்தை டிவி தானே தாங்கிக்கொள்ளும். லோ வோல்டேஜுக்குப் பயந்து ஸ்டெபிலைசர் வாங்க வேண்டியதில்லை.

பயப்பட வேண்டியது நியூட்ரல் கட்டுக்கு. தெருக் கம்பத்தில் நியூட்ரல் ஒயர் அறுந்தால் 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்கு 400-ஐ நெருங்கி வந்துவிடும். ஒரே சமயத்தில் தெருவில் பாதி வீடுகளின் டிவியும் ஃபேனும் போவது இதனால்தான். அளவு மீறினால் துண்டித்துவிடும் வசதி உள்ள ஸ்டெபிலைசர் இருந்தால் அது அந்த இடத்தில் உதவும்.

மின்னல் பெரும்பாலும் நாம் நினைக்கும் வழியில் வருவதில்லை. கோடை மழையிலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் பிளக்கை மட்டும் பிடுங்கி வைப்போம். மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்தோ கம்பத்திலிருந்தோ வரும் கேபிள் செட்டாப் பாக்ஸ் வழியாக டிவியோடு இணைந்தபடியே இருக்கும். இடியோடு இறங்கும் மின்சாரம் அந்த வழியாக வந்து எச்டிஎம்ஐ துளையையும் மெயின் போர்டையும் எரித்துவிடும். இரண்டையும் பிடுங்குவதுதான் பாதுகாப்பு.

பல்லியைச் சொல்லாமல் விட முடியாது. சூட்டுக்காக டிவியின் முதுகுத் துளை வழியே புகுந்து, பவர் போர்டில் இரண்டு முனைகளைத் தொட்டு, தானும் செத்து போர்டையும் சாகடிக்கும். எறும்பும் அப்படியே. சுவரில் மாட்டிய டிவியின் பின்பக்கத்தை எப்போதாவது எட்டிப் பார்ப்பது நல்லது.

டிவிக்கு வயதாகவில்லை, ஆப்புக்கு வயதாகிவிட்டது

மெனு திறக்க அரை நிமிடம், யூடியூப் பாதியில் நின்றுவிடுகிறது, ஓடிடி ஆப் “இந்தச் சாதனத்தில் இயங்காது” என்கிறது. திரை கண்ணாடி மாதிரி இருக்கும். 2019 டிசம்பரில் 2010, 2011-ஆம் ஆண்டு சாம்சங் ஸ்மார்ட் டிவிகள் சிலவற்றில் நெட்ஃபிளிக்ஸ் இப்படித்தான் நின்றுபோனது. பேனல் நன்றாக இருக்க, மென்பொருள் மட்டும் காலாவதி.

இதற்காகப் புது டிவி வாங்குவதுதான் இருப்பதிலேயே வீண் செலவு. எச்டிஎம்ஐ துளையில் செருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்று போதும், டிவியின் விலையில் சிறு பங்குதான். அது பழசானால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். டிவி நிறுவனத்தின் லோகோவிலேயே நின்று, அணைந்து, மறுபடி லோகோவுக்கே வருகிறது என்றால் மெயின் போர்டின் நினைவகச் சில்லு சந்தேகத்துக்குரியது. அதில் எழுதி அழிப்பதற்கு ஒரு எல்லை உண்டு. “சாஃப்ட்வேர் போடணும்” என்று மெக்கானிக் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். சில சமயம் அதுவே போதும், சில சமயம் சில்லையோ போர்டையோ மாற்ற வேண்டிவரும்.

சரி, எப்போது மாற்றலாம்?

வருடத்தை எண்ணாமல் மணி நேரத்தை எண்ணுங்கள். காலையில் பக்திப் பாடலில் தொடங்கி இரவு கடைசித் தொடர் வரை 12 மணி நேரம் டிவி ஓடும் வீட்டில் வருடத்துக்கு 4,380 மணி நேரம். இரவில் மட்டும் 3 மணி நேரம் பார்க்கும் வீட்டில் 1,095. முதல் வீட்டின் 4 வருடமும் இரண்டாவது வீட்டின் 16 வருடமும் ஒன்றே. “எங்க டிவி அஞ்சு வருஷத்துல போச்சு, அவங்க டிவி பத்து வருஷம் ஓடுது” என்று பிராண்டைத் திட்டுவதற்கு முன் இதைக் கேட்டுக்கொள்வது நியாயம்.

பழுது வந்தால் முதல் கேள்வி, பேனல் நன்றாக இருக்கிறதா என்பதுதான். நன்றாக இருந்தால் பேக்லைட், பவர் போர்டு, மெயின் போர்டு எது போனாலும் ரிப்பேர் பார்க்கலாம். ஒரு நிபந்தனை: மொத்தச் செலவு அதே அளவுப் புது டிவியின் விலையில் பாதியைத் தாண்டக்கூடாது. ஏழெட்டு வருடம் நன்றாக ஓடிய செட் என்றால் நான் அந்தப் பாதியை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துக்கொள்வேன், ஏனென்றால் ஒரு பாகத்தைச் சூடு தின்றிருந்தால் மற்றவையும் அதே சூட்டில்தான் இருந்திருக்கின்றன. அதே பழுது இரண்டாவது முறை வந்தால் விட்டுவிடலாம்.

பேனல் போயிருந்தால் வாரண்டிக்குள் இருந்தாலொழிய புதிது வாங்குங்கள். புதுப் பேனல் போடும் காசுக்குக் கிட்டத்தட்ட புது டிவியே வரும், அதோடு புது வாரண்டியும் வரும்.

பழுதே இல்லாமல் மாற்றுவதும் உண்டு. பகலில் ஜன்னல் திறந்திருந்தால் படம் தெரியவில்லை, பேக்லைட்டை முழுதாக ஏற்றியும் போதவில்லை என்றால் பாதி வெளிச்ச நேரத்தை நெருங்கிவிட்டது என்று கொள்ளலாம். ஹால் பெரிதாகிவிட்டது, பெரிய திரை வேண்டும் என்பதும் நியாயமான ஆசைதான். 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததால் பெரிய திரைகளின் விலை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. எக்ஸ்சேஞ்ச் என்றால் மட்டும், பழையதைக் கொடுக்காமல் வாங்கினால் என்ன விலை என்று முதலில் கேளுங்கள். பழைய டிவிக்கு அவர்கள் உண்மையில் என்ன தருகிறார்கள் என்பது அந்த இரண்டு விலைகளுக்கும் உள்ள வித்தியாசத்தில் தெரிந்துவிடும்.

பழையதை என்ன செய்வது?

பேனல் உடைந்த டிவியை எடைக்காரருக்குக் கொடுக்கும் முன் பக்கத்து மெக்கானிக்கிடம் கேட்டுப் பாருங்கள். அவருக்கு அதன் பவர் போர்டும் மெயின் போர்டும் தேவைப்படும். உங்கள் மாடலே வைத்திருக்கும் இன்னொருவரின் டிவி அதனால் பிழைக்கும். குழல் விளக்கு பேக்லைட் உள்ள பழைய எல்சிடி என்றால் உடைத்துப் பிரிக்க விடாதீர்கள், அந்தக் குழல்களில் பாதரசம் இருக்கிறது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளின்படி, விற்ற டிவிகளுக்கு ஈடாகக் கழிவை முறையாக மறுசுழற்சி செய்ய வைக்கும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. அவர்களுடைய வாடிக்கையாளர் எண்ணில் கேட்டால் எங்கே ஒப்படைப்பது என்று சொல்வார்கள்.

கொடுக்கும் முன் டிவியில் இருக்கும் கணக்குகளிலிருந்து வெளியேற வேண்டும். திரை வேலை செய்தால் செட்டிங்கில் ஃபேக்டரி ரீசெட் போதும். திரையே தெரியாத டிவி என்றால் போனில் கூகுள் கணக்கையும் ஒவ்வொரு ஓடிடி ஆப்பையும் திறந்து, இணைந்துள்ள சாதனங்களின் பட்டியலில் அந்த டிவியை நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் அந்த மெயின் போர்டு ஏறும் அடுத்த வீட்டில் உங்கள் சந்தாவில் படம் ஓடும்.